மேசை நாற்காலிக்கு பெயிண்ட்: கேள்வி பதில்

கேள்வி: தேக்கு நாற்காலிக்கு எனாமல் அடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. கைப்பிடியில் தோல் மாதிரி உரிகிறது. பெயிண்ட் மட்டமா?

பதில்: பெயிண்ட் மேல் பழி போடுமுன் உரிந்த இடத்தைப் பாருங்கள். அங்கே பழைய வார்னிஷ் பளபளத்தால், தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். வெறும் மரம் தெரிந்தால் தேக்கின் எண்ணெய்ப் பசை. கைப்பிடி என்பதால் வேர்வையும் சேர்ந்திருக்கும். எதுவானாலும் மரம் தெரியும்வரை சுரண்டி, 80, 120, 180 என்ற வரிசையில் ரேகை ஓடும் போக்கிலேயே உப்புத்தாள் போடுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துத் துடையுங்கள். துணி மஞ்சளாகும். மஞ்சள் நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அன்றைக்கே பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

கேள்வி: 400 போட்டு இன்னும் வழவழப்பாக்கினால் நல்லதுதானே?

பதில்: வெறும் மரத்தில் வேண்டாம். பிரைமர் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். 180 போதும்.

கேள்வி: வேங்கை அலமாரிக்கு வெள்ளை அடித்தோம். இரண்டு கோட் போட்டும் பழுப்புக் கறை மேலே வருகிறது, அண்ணா.

பதில்: இன்னும் பத்து கோட் அடித்தாலும் வரும். வேங்கையின் சாயம் தண்ணீரில் கரையும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதும் இதனால்தான். தண்ணீர் கலந்த பிரைமர் அதை இழுத்துக்கொண்டு வருகிறது. மெழுகு நீக்கிய அரக்கு 200 கிராமை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கறையின் மேல் இரண்டு கோட் கொடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. காய்ந்ததும் ஆயில் பிரைமர். மரத்தின் கணுக்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி: பட்டி (ஓட்டை அடைக்கும் பசை) எப்போது பார்ப்பது? எனாமல் எத்தனை கோட்?

பதில்: முதலில் பிரைமர், லிட்டருக்கு 100 மில்லி டர்பன்டைன் கலந்து. அது காய்ந்த பிறகுதான் ஆணித்துளைக்குப் பட்டி. வெறும் மரத்தில் வைத்தால் பட்டியின் எண்ணெயை மரம் குடித்துவிடும். பட்டி பொடிந்து உதிரும். 320-ல் தேய்த்துத் தூசி துடைத்து, எனாமல் மெல்லியதாக இரண்டு கோட், நடுவில் ஒரு இரவு. ஒரே கோட்டாகக் கெட்டியாக அப்பினால், ஆறும் பாலைப் போல மேலே ஆடை கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு சுருக்கம் விழும். எனாமலில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஊற்றினால் அது அடிக்கோட்டையே கிளப்பிவிடும்.

கேள்வி: ஐப்பசியில் மெலமைன் பாலிஷ் அடிக்கலாமா?

பதில்: மழை நின்ற வெயில் நாளாகப் பாருங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பாலிஷ் வெள்ளை பூத்துவிடும்.

கேள்வி: தாத்தா காலத்துக் கட்டில். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: உலர்வாகத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தையதில் ஈயம் இருக்கக்கூடும். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. விழுந்த சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல், ஈரமாக இருக்கும்போதே துணியால் வழித்து எடுத்துவிடுங்கள்.