ஐந்து ரிங்கிட் மனுவும் திரும்பி வந்த தபாலும்: கேள்வி பதில்

மலேசியாவில் பழுதான பொருள், நிறைவேறாத சேவை குறித்த முறையீடுகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்வது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவரும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் அளித்த பதில்கள்.

பட்டர்வொர்த் வாசகி: ஐயா, வாங்கிய சோபா மூன்றே மாதத்தில் முறிந்துவிட்டது. மனுப் பதிந்து இரண்டு மாதமாகிறது. கடைக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்தது. இந்தத் தாமதத்துக்கு யாரைக் கேட்பது?

தபால் திரும்பி வந்தது என்கிறீர்களே அம்மா, தாமதம் அங்கேதான் இருக்கிறது. மனுப் படிவமான போராங் 1-ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டிவிட்டால் மற்றதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் முத்திரையிட்ட பிரதியை எதிர்த்தரப்பிடம் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. அது கையில் கிடைத்த நாளிலிருந்துதான், பதில் படிவமான போராங் 2 வழியாக அவர்கள் தற்காப்பு தாக்கல் செய்யவேண்டிய 14 நாள் ஓடத் தொடங்கும்.

என் பக்கத்து வீட்டு அம்மா ஒருவருக்கும் இப்படித்தான் ஆயிற்று. கடையின் பலகையில் இருந்த பெயரையே மனுவில் எழுதியிருந்தார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். அதன் அடிவரியில், கார்பன் மை மங்கி, கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிற அளவில் வேறொரு சென்டிரியான் பெர்ஹாட்டின் (தனியார் நிறுவனத்தின்) பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. திரும்பி வந்த உறையில் ‘பிண்டா’ (இடம் மாறிவிட்டார்) என்ற கட்டத்தில் தபால்காரர் பேனாவால் கோடு போட்டிருந்தார். பிறகு மலேசிய நிறுவனப் பதிவாணையமான எஸ்.எஸ்.எம்.-இல் சிறு கட்டணம் செலுத்தி, நிறுவனத்தின் சரியான பெயரையும் பதிவு முகவரியையும் எடுத்து, மனுவைப் புதிதாகப் பதிந்தோம். ஏறக்குறைய பத்து வாரம் வீணாகியிருந்தது. ஆகவே நீங்களும் முதலில் ரசீதின் அடிவரியைப் படியுங்கள். மறுபடி அனுப்பும்போது தபால் சீட்டையும் பெற்றுக்கொண்டதற்கான அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்; எதிர்த்தரப்பு விசாரணைக்கு வராமல் போனால், மனு அவர்களிடம் சேர்ந்தது என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

செந்தூல் வாசகர்: வீட்டைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டவர் 58,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடவே இல்லை. தீர்ப்பாயத்தில் கோரும் தொகைக்கு உச்சவரம்பு இருப்பதால் இரண்டு மனுவாகப் போடலாமா?

போட முடியாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒரே கோரிக்கையைப் பிரித்துப் பதிய இடம் தருவதில்லை. முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2019-இல் 50,000 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு மேலுள்ள 8,000-ஐ விட்டுக்கொடுப்பதாக மனுவிலேயே எழுதி 50,000-க்குக் கோரலாம். அப்படி விட்டதைப் பிறகு வேறிடத்தில் கேட்க முடியாது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் வரம்பைத் தாண்டியும் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்றாலும், பணத்தோடு காணாமல் போனவர் அதற்குக் கையெழுத்திடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிவில் நீதிமன்றத்தில் ஆகும் வழக்கறிஞர் செலவையும் காலத்தையும் கணக்கிட்டால், 8,000-ஐ மறப்பதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதியில்லை. நிறுவனமும் தன் முழுநேர ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் உணவகக்காரர்: கடைக்கு வாங்கிய பெரிய உறைபெட்டி பழுதாகிவிட்டது. மனுச் செய்யலாமா?

செய்து பயனில்லை. சொந்த, வீட்டு உபயோகத்துக்கென்று வழக்கமாக வாங்கப்படுகிற பொருளுக்கே இந்தச் சட்டம். உங்கள் வழி சிவில் நீதிமன்றம்தான்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: நீர் வடிகட்டி விற்றவர் “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்று இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டார். காலக்கெடு உண்டா?

உண்டு. குறை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு பதிவாகியிருக்க வேண்டும். அவர் வாயால் சொல்லும் தவணை அந்தக் கெடுவை நீட்டாது. இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

கோலாலம்பூர் வாசகி: மகள் திருமணத்துக்குச் சென்னைக் கடையொன்றில் பணம் கட்டிச் சேலைகள் வாங்கினோம், சாயம் போன சேலைகளை அனுப்பிவிட்டார்கள். இங்கே மனுச் செய்யலாமா?

இங்கே ஆணை கிடைத்தாலும் சென்னையில் அதைச் செயற்படுத்துவது கடினம். அந்தக் கடை இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதே பொருத்தம். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டுதான் என்பதை மறவாதீர்கள். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் பதியலாம். எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாளும், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாளும் உண்டு. அதற்கு மேல் நீட்டிக்க இயலாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிப்படுத்தியது. பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியில்லாத மனுவை மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக அது நீளும் என்பதையும் எதிர்பார்த்தே இறங்குங்கள். சாயம் போன சேலையைத் துவைக்காமல் அப்படியே வைத்திருங்கள். சாயப் பிரச்சினை சோதனைக்குப் போகக்கூடியது.

ஜெலுத்தோங் வாசகர்: தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்து ஒரு மாதமாகிறது. பணம் வரவில்லை.

விசாரணை தொடங்கிய நாளிலிருந்து, இயன்றவரை, 60 நாளுக்குள் தீர்ப்பாயம் ஆணை வழங்க வேண்டும் என்பது விதி. உங்கள் விஷயத்தில் அது முடிந்துவிட்டது. அந்த ஆணை மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமமானது. 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கடைக்காரரிடம் மறுபடி மறுபடி போய் நிற்க வேண்டாம். ஆணையின் பிரதியையும், பணம் இன்னும் வரவில்லை என்று எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, தீர்ப்பாய அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையைத் தேதியோடு வாங்கிவிடுங்கள்.