எச்சத்தில் சால்மோனெல்லா இல்லை என்று ரிப்போர்ட் வந்தும் லேயர் கோழிகள் சாகின்றனவே, லேப் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் கோழிக்குப் பொருந்தாத பரிசோதனை நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கோழி நோய் லேபில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்பவள் நான். ‘ஏமாற்று’ என்ற வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எச்சத்தை அநேகமாக இப்படித்தான் பார்த்திருப்பார்கள். 25 கிராம் எச்சத்தை 225 மில்லி பெப்டோன் நீரில் கலந்து 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். நொந்துபோன கிருமி அதில் தேறிவரும். மறுநாள் அதில் சில சொட்டு எடுத்து எம்.எஸ்.ஆர்.வி. பிளேட்டில் விட்டு 41.5 டிகிரியில் வைப்பார்கள். அது முழுதாக இறுகாத அகர், கிருமி வளரும் கூழ். சால்மோனெல்லா அதற்குள் நீந்திப் பரவும்போது சொட்டைச் சுற்றி வெளுத்த வளையம் விழும். வளையத்தின் ஓரத்திலிருந்து எடுத்து எக்ஸ்.எல்.டி. என்ற இன்னொரு பிளேட்டில் இழுத்தால் நடுவில் கறுத்த சிவப்புக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், வரும். புரோட்டியஸ் என்ற வேறு கிருமியும் கறுப்பு காட்டும் என்பதால் யூரியேஸ், டி.எஸ்.ஐ. என்ற ரசாயனச் சோதனைகள் எல்லாம் போட்டு, கடைசியில் கிருமியின் வகையை அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் வைத்து உறுதி செய்ய வேண்டும். ஐந்து நாள் ஆவது இதனால்தான்.

முட்டை, கறி வழியாக மனிதரை வயிற்றுப்போக்கில் தள்ளும் என்டரிடிடிஸ், டைஃபிமூரியம் போன்ற சால்மோனெல்லா வகைகளுக்கு இது அருமையான முறை. கோழியையே கொல்கிற கேலினாரமும் புல்லோரமும் சால்மோனெல்லாவிலேயே வேறு சாதி. அவற்றுக்குக் கசையிழையே, அதாவது நீந்த உதவும் வாலே, கிடையாது, நீந்தாது. வளையம் வராது, ‘இல்லை’ என்று ரிப்போர்ட் போய்விடும். போதாக்குறைக்கு, இவை எச்சத்தில் அதிகம் வெளியே வருவதும் இல்லை.

நாமக்கல் பக்கம் ஒரு பண்ணைக்காரர் உங்களைப் போலவே வேறொரு லேப் ரிப்போர்ட்டோடு வந்தார். "எச்சத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க மேடம், கோழி மட்டும் விழுந்துட்டே இருக்குதுங்க" என்றார். "எச்சம் வேண்டாங்கண்ணா, காலையில செத்த கோழி ரெண்டு கொண்டாங்க" என்றேன்.

டாக்டர் அறுத்தபோது கல்லீரல் வீங்கி, பச்சை கலந்த வெண்கல நிறத்தில் பளபளத்தது. அதன் மேல்பரப்பைப் பழுக்கக் காய்ச்சிய ஸ்பாட்டுலாவால் சுட்டேன். மேலே ஒட்டியிருக்கும் கண்ட கிருமியும் அதில் செத்துவிடும். சுட்ட இடத்தில் லூப் கம்பியைக் குத்தி உள்ளிருந்து எடுத்து நேராக மெக்கான்கி பிளேட்டில் போட்டேன். மண்ணீரல், சினைப்பை, எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் அப்படியே. கூடவே சால்மோனெல்லாவைப் பெருக்கும் செலினைட் குழம்பிலும் ஒரு பங்கு. மறுநாள் நிறமில்லாத, கடுகைவிடச் சின்னக் காலனிகள். இயக்கம் பார்க்கும் குழாயில் ஊசி குத்திய கோட்டோடு மட்டும் வளர்ச்சி, பக்கவாட்டில் துளி பரவவில்லை. ஓ-9 ஆன்டிசீரத்தில் உடனே கட்டி கட்டியாகத் திரிந்தது. டல்சிட்டால் என்ற சர்க்கரை வகையைப் புளிக்கவைத்தது, ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் சோதனையில் நெகட்டிவ். கேலினாரம், அதாவது கோழி டைபாய்டு. புல்லோரமாக இருந்தால் இந்த இரண்டும் தலைகீழாக வந்திருக்கும்.

கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கீழே எழுதுவார்கள். பி.சி.ஆர். வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க உயிருள்ள கிருமி கையில் வேண்டும். அப்புறம், நான் கால்நடை டாக்டர் இல்லை, எந்த மருந்தும் இங்கே சொல்லப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செலினைட் பொடி விஷம். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் அதை எடை போட்டு மீடியா, அதாவது கிருமி வளர்க்கும் கூழும் குழம்பும், காய்ச்சிய அக்காவுக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கித் தரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அவர் காய்ச்சும் மீடியா சரியில்லை என்றால் எங்கள் படிப்பு எதற்கும் உதவாது. ஆனாலும் வருஷக்கணக்கில் தினக்கூலிதான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவருக்கு வரும் நன்றி ஒருநாளும் அவரிடம் போனதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் லேபைத் திட்டும்போது அவரையும் சேர்த்துத்தான் திட்டுகிறீர்கள்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி போக வேண்டும். மருந்து தின்ற கோழியில் கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வராமல் போகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் என்று மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அன்று செத்த கோழியையும், சோர்ந்து நிற்கும் உயிர்க் கோழி ஒன்றிரண்டையும் கொண்டு போங்கள். செத்ததை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். லேபில் ‘சால்மோனெல்லா டெஸ்ட்’ என்று மட்டும் சொல்லாமல், ‘கேலினாரம், புல்லோரம் சந்தேகம், உறுப்பிலிருந்து நேரடியாகப் போடுங்கள்’ என்று கேளுங்கள். பிளேட்டை 48 மணி நேரம் வரை வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள், இவை மெதுவாகத்தான் வளரும்.