ராக்கெட் மோட்டாரைத் தபாலில் அனுப்பலாமா?

சென்ற இதழில் டெக்சாஸில் நாங்கள் மாடல் ராக்கெட் விடும் மைதானத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒருவரிடம் இருக்கும் மோட்டாரை, அதாவது ராக்கெட்டை மேலே தள்ளும் மருந்துக் குழாயை, இன்னொருவருக்கு எப்படி அனுப்புவது என்றே கேட்கின்றன. கேட்டுவிட்டுச் செய்கிறீர்களே என்று மகிழ்ந்தேன். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் டி12-5 மோட்டார்கள் 18 மிச்சம் இருக்கின்றன. மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். ஒஹாயோவில் என் நண்பரின் மகள் இப்போதுதான் ராக்கெட் விடத் தொடங்கியிருக்கிறாள். பணம் வாங்கப்போவதில்லை, அன்பளிப்புதான். கடையில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் தொங்குகிற பொருள்தானே? நன்றாகச் சுற்றித் தபாலில் அனுப்பினால் என்ன?
— ஒரு வாசகர், டாலஸ்

பதில்: அனுப்பாதீர்கள். அன்பளிப்பு என்பதாலோ, கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதாலோ இந்தப் பதில் மாறாது.

அந்த அட்டைக் குழாய்க்குள் இருப்பது கருமருந்து. நான் சாத்தூரில் வளர்ந்தவன். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒரு டி12-இல் சுமார் 21 கிராம் கருமருந்தை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் 18-ஐயும் சேர்த்தால் ஏறக்குறைய 380 கிராம். அதை ஒரு பெட்டியில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத பத்துப் பேர் கைகளில் கொடுக்கப்போகிறீர்கள்.

வெடிபொருள் எதையும் தபாலில் அனுப்பக் கூடாது என்பதுதான் அமெரிக்கத் தபால் துறையின் அடிப்படை விதி. 'பொம்மை உந்து சாதனம்' என்ற பெயரில் ஒரு சிறு விதிவிலக்கு அதில் உண்டு. ஆனால் அதற்குத் தபால் துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதி சோதித்து வகைப்படுத்திய பொருளை, விதித்த பெட்டியில், விதித்த குறியோடு அனுப்பும் நிறுவனங்களுக்கு. நம் வீட்டு மேசையில் கட்டிய பொதி அதற்குள் வராது. தனியார் கூரியரிலும் வழி இல்லை. அபாயப் பொருளை அவர்களிடம் ஒப்படைப்பவர் அதற்கான பயிற்சி பெற்றவராகவும், 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பயிற்சியைப் புதுப்பிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது போக்குவரத்துத் துறையின் விதி.

"தனியார் பயன்பாட்டுக்குத்தானே, வணிகம் இல்லையே" என்று பலர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் ஓரிடத்தில் மட்டும் செல்லும். உங்கள் சொந்தக் காரில், சொந்தப் பயன்பாட்டுக்காக நீங்களே எடுத்துச் சென்றால் கூட்டாட்சி அரசின் அபாயப் பொருள் போக்குவரத்து விதிகள் உங்களைத் தொடுவதில்லை. கட்டணம் கட்டி இன்னொருவர் வண்டியில் ஏற்றிய கணமே அது வணிகப் போக்குவரத்து. உள்ளே இருப்பது அன்பளிப்பா, விற்பனையா என்று சட்டம் கேட்பதில்லை.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் இயற்றிய சட்டத்தில், அபாயப் பொருளைத் தபாலில் சேர்த்தால் மீறல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 250 டாலர், அதிகபட்சம் 1 லட்சம் டாலர் என்று எழுதியிருக்கிறது. துப்புரவுச் செலவும் அனுப்பியவர் தலையில்தான். பணவீக்கத்தை ஒட்டி அந்தத் தொகைகளை உயர்த்தவும் செய்கிறார்கள்.

ஆனால் அபராதத்துக்குப் பயந்து நான் இதைச் சொல்லவில்லை. 1996 மே 11 அன்று வேல்யூஜெட் 592 விமானம் மயாமியிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் இருந்தவை பழைய விமானங்களிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் உருவாக்கிகள். அவற்றைக் 'காலி' என்று தாளில் எழுதியிருந்தார்கள். காலியாக இல்லை, பாதுகாப்பு மூடிகளும் போடப்படவில்லை. ஏற்றியவர்களுக்கு அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தபால் பைகளும் பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். கவுன்டரில் இருக்கும் பெண் "திரவம், உடையக்கூடியது, கெட்டுப்போவது, அபாயமானது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் 'இல்லை'யை நம்பித்தான் பிறகு வரும் அத்தனை பேரும் அந்தப் பெட்டியைத் தூக்குகிறார்கள்.

இன்னொன்று, இது என் வயிற்றெரிச்சல். சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்து நண்பர் ஒருவர், என்னிடம் சொல்லாமலே மூன்று டி12-களைத் தபாலில் அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் மாதம். பொதி எத்தனை நாள் எந்த வண்டியின் தகரக் கூரைக்கடியில் கிடந்ததோ தெரியாது. அழுத்திய கருமருந்து, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் குழாய்ச் சுவரிலிருந்து விலகும், விரிசல் விடும். கீழே விழுந்தாலும் அப்படித்தான். விரிசல் விட்ட மோட்டார் சீராக எரியாது. ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு பற்றிக்கொண்டு வெடித்துவிடும். அந்த மூன்றில் இரண்டு ஏவுதளத்திலேயே வெடித்தன. என் மகள் இரண்டு வாரம் உட்கார்ந்து பால்சா மரத்தில் துடுப்பு செதுக்கி, தேய்த்து, வண்ணம் பூசிய ராக்கெட் அது. 15 அடி தள்ளி நின்றதால் யாருக்கும் காயமில்லை. தேசிய ராக்கெட் சங்கமான என்.ஏ.ஆர். நடத்தும் மோட்டார் கோளாறுக் கணக்கெடுப்புக்கு அன்றிரவே இரண்டையும் எழுதி அனுப்பினேன். நண்பரோடும் பேசினேன். அவர் மீண்டும் அனுப்பவில்லை.

ஆகவே, உங்கள் 18 மோட்டார்களையும் உங்கள் பக்கத்து என்.ஏ.ஆர். கிளையின் ஏவுநாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அன்று மாலைக்குள் தீர்த்துவிடுவார்கள். ஒஹாயோ பெண்ணுக்கு, அவள் ஊர்க் கடையில் மோட்டார் வாங்கிக்கொள்ள ஒரு பரிசு அட்டை போதும்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர், சிறுவயதில், 1960-களில், ராக்கெட் சாமான் எல்லாம் தபாலில் வந்தது என்கிறார். இன்றும் சில விற்பனையாளர்கள் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒன்றா?
— ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: அவர் சொல்வதை நம்புகிறேன். இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே அப்படித்தான். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் முதல் மாடல் ராக்கெட்டைச் செய்தார். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், பிள்ளைகள் வீட்டில் மருந்து கலந்து கை கால் இழப்பதைக் கண்டித்து எழுதியதைப் படித்த கார்லைல், 1957-இல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். மோட்டாரை யாரும் வீட்டில் கலக்க வேண்டாம், ஆலையில் செய்தது கிடைக்கட்டும் என்பதுதான் இருவரின் எண்ணமும். அதை நடத்திக் காட்டியவர் கொலராடோவின் வெர்ன் எஸ்டெஸ். கருமருந்தைத் தானாக அழுத்தி மோட்டார் செய்யும் இயந்திரத்தை அவரே வடிவமைத்தார். அதற்கு மேபல் என்று பெயர். அவருடைய வியாபாரம் பெரும்பாலும் அஞ்சல் வழி வியாபாரம்தான்.

உற்பத்தியாளர் தன் மோட்டாரைப் பெட்டியோடு சேர்த்துச் சோதனைக்கு உட்படுத்தி, போக்குவரத்துத் துறையிடம் வகைப்பாட்டு எண் வாங்குகிறார். எத்தனை மோட்டார், எந்த அட்டை, எந்தக் குறி என்பதெல்லாம் அதில் அடங்கும். பக்கத்துப் பெட்டி பற்றினாலும் இந்தப் பெட்டி என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. நாம் உறையைப் பிரித்து வேறு டப்பாவில் போட்டதும் அந்தக் கணக்கு போய்விடுகிறது. மோட்டார் அதே மோட்டார்தான். ஆனால் அதற்குப் பொறுப்பேற்கும் ஆள் இல்லை. பெரிய மோட்டார்களுக்கு விற்பனையாளர்கள் தனியாக அபாயப் பொருள் கட்டணம் வாங்குவதும் இதனால்தான். எங்கள் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டு அந்தக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம். அல்லது விற்பனையாளரையே ஏவுநாளன்று மைதானத்துக்கு எடுத்துவரச் சொல்கிறோம்.

கேள்வி: 2009-இல் நீதிமன்றமே 'இது வெடிபொருள் இல்லை' என்று தீர்ப்பளித்துவிட்டதே! பிறகு தபால் துறை எப்படி மறுக்கலாம்?
— ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: தீர்ப்பை நானும் கொண்டாடியவன். என்.ஏ.ஆர்., டிரிபோலி ஆகிய இரு சங்கங்களும் 2000-இல் போட்ட வழக்கு. ஒன்பது ஆண்டு நடத்தினார்கள். அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வேதிப்பொருளைக் கொண்ட கலவை மோட்டார்களை வெடிபொருள் பட்டியலில் வைத்தது செல்லாது என்று வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி ரெஜி வால்டன் தீர்ப்பளித்தார். ஆனால் எதிர்வாதி யார்? மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் கண்காணிப்புத் துறை. வாங்கவும் வீட்டில் வைத்திருக்கவும் அவர்களிடம் உரிமம் வேண்டுமா என்பதே அங்கு கேள்வி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது போக்குவரத்துத் துறையும் தபால் துறையும் பார்க்கும் விஷயம். அவர்களுடைய பட்டியலை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. மேலே டாலஸ் வாசகர் கேட்ட டி12-இல் இருப்பது கருமருந்து என்பதால், அதைப் பற்றிய தீர்ப்பும் அல்ல அது.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் அனுப்பலாம்?
— ஒரு மாணவர், நியூ ஜெர்சி

பதில்: நிறைய இருக்கிறது, தம்பி. ராக்கெட் கிட், பாராசூட், மூக்குக் கூம்பு, ஏவு கம்பி, திரும்பத் திரும்ப நிரப்பும் மோட்டாரின் காலி அலுமினியக் கூடு எல்லாம் போகும். உந்துமருந்து நிரப்பிய எதுவும் போகாது. பாராசூட்டை வெளித்தள்ளப் பயன்படும் கருமருந்துப் பொட்டலமும் போகாது. பற்றவைக்கும் கம்பியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நுனியில் மருந்து தோய்த்திருந்தால் அதுவும் தடைப்பட்ட பொருளே.

கேள்வி: மதுரையில் இருக்கும் தங்கை மகனுக்குச் சூட்கேஸில் நாலு மோட்டார் எடுத்துப்போகலாமா?
— ஒரு வாசகி, சிகாகோ

பதில்: கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. வெளிநாட்டுத் தபாலிலும் வெடிபொருளுக்கு இடமில்லை. கிட்டை மட்டும் எடுத்துப்போங்கள். துடுப்பு ஒட்டுவதில் அவனுக்கு ஒரு விடுமுறை போய்விடும்.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். கராஜில் அவருடைய ராக்கெட் பெட்டி அப்படியே இருக்கிறது. மோட்டார்கள் எழுபது எண்பது இருக்கலாம். சில அவருடைய பழைய வீட்டிலிருந்து வந்தவை. சீயாட்டிலில் உள்ள அவர் நண்பர் ஆசையாகக் கேட்கிறார். தபாலில் முடியாது என்று இன்னொருவர் சொன்னார். குப்பையில் போட மனம் வரவில்லை.
— ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: அம்மா, குப்பையில் போட வேண்டாம். கராஜ் வெயிலில் இனியும் வைக்க வேண்டாம். வீட்டுக்குள், அடுப்பும் ஹீட்டரும் இல்லாத அலமாரியில் வையுங்கள். பற்றவைக்கும் கம்பிகளைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள்.

அவருடைய ராக்கெட்டுகள், கருவிகள், குறிப்பேடு எல்லாவற்றையும் சீயாட்டில் நண்பருக்குத் தபாலில் தாராளமாக அனுப்பலாம். எந்த மோட்டாரில், எந்தக் காற்றில், எவ்வளவு உயரம் போனது என்று அவர் எழுதிவைத்திருந்தால் அந்த நோட்டுத்தான் நண்பருக்குப் பெரிய சொத்து.

மோட்டார்களை என்.ஏ.ஆர். கிளை ஒன்றில் காட்ட வேண்டும். ஆஸ்டினிலிருந்து நாங்கள் விடும் மைதானம் தொலைவில்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் நானே வந்து என் காரில் எடுத்துப்போகிறேன். மூத்த உறுப்பினர் இருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நல்லவை தனி. விரிசலோ ஈரமோ கண்ட கருமருந்து மோட்டார்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் அட்டைக் குழாய் பிரிந்து, மருந்து சேறாகக் கரைந்துவிடும். அதன்பின் அப்புறப்படுத்துவது எளிது. கலவை மோட்டார்கள் தண்ணீரில் கரையாது. அவற்றை என்ன செய்வது என்று குழுவில் அனுபவமுள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நல்லவற்றில் ஒன்றை, உங்களுக்கு விருப்பமிருந்தால், அவருடைய ராக்கெட் ஒன்றிலேயே பொருத்திவிடுவோம். அதை மட்டும் சீயாட்டிலுக்கு அனுப்பாமல் எடுத்து வையுங்கள். காலை பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் காற்று ஏறிவிடும்.