பணம் கட்டினால் இந்திய அணியில் இடமா? சாஃப் 17 வயதுக் கால்பந்து பற்றி ஒரு தந்தையின் கேள்வி

கேள்வி: என் மகன் 2010 நவம்பரில் பிறந்தவன். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். தூத்துக்குடி மாவட்டத்தில் பள்ளி அணிக்கும் ஊர் கிளப்புக்கும் விங்கில் ஆடுகிறான். ஒரு டோர்னமென்ட்டில் அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், நேபாளத்தில் தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் சர்வதேசப் போட்டி நடக்கப்போகிறது, இந்திய அணிக்கு உங்கள் பையனை எடுத்துவிட்டோம் என்கிறார். பயணம், தங்குமிடம், ஜெர்சி எல்லாம் சேர்த்து அரை லட்சத்துக்குப் பக்கமாகக் கேட்கிறார். சர்டிபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுமாம். இது சாஃப் போட்டிதானா? பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சாஃப் போட்டிக்கு எந்தப் பையனும் பணம் கட்டிப் போவதில்லை. உங்களிடம் பணம் கேட்டார்கள் என்ற ஒரு விஷயமே போதும், இது அந்தப் போட்டி இல்லை என்று சொல்லிவிடலாம்.

சாஃப் என்பது தெற்காசியக் கால்பந்து கூட்டமைப்பு. 1997-ல் தொடங்கியது, தலைமையகம் டாக்காவில் இருக்கிறது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை என ஏழு நாடுகளின் கால்பந்து சங்கங்கள் அதில் உறுப்பினர்கள். இந்தியாவின் சார்பில் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு, அதாவது ஏ.ஐ.எஃப்.எஃப்., மட்டும்தான் அணி அனுப்ப முடியும். ஃபிஃபா அங்கீகரித்த இந்திய அமைப்பும் அது ஒன்றுதான். பையன்களின் பயணம், உணவு, தங்குமிடம், ஜெர்சி எதற்கும் பெற்றோரின் பணம் தேவையில்லை. அணிப் பட்டியலை, கோச் பெயரோடும் 23 வீரர்களின் பெயர்களோடும், போட்டிக்கு முன்பே ஏ.ஐ.எஃப்.எஃப். தன் இணையதளத்தில் வெளியிடும்.

உங்களை அணுகியவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. இந்தப் போட்டியின் பெயரில் உள்ள வயது அடிக்கடி மாறியிருக்கிறது. 2011-ல் காத்மாண்டுவில் 16 வயதுக்குட்பட்டோர் போட்டியாகத் தொடங்கியது. முதல் கோப்பை பாகிஸ்தானுக்கு. 2017, 2018, 2019-ல் அதையே 15 வயதுக்குட்பட்டோருக்கு நடத்தினார்கள். 2022-ல் கொழும்பில் 17 வயது, 2023-ல் திம்புவில் 16, 2024-ல் அதே திம்புவில் மறுபடி 17. இதற்குப் பக்கத்திலேயே 18, 19, 20 என்று மூத்த பையன்களுக்கு இன்னொரு வரிசையும் ஓடுகிறது. பெயர் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், ‘தெற்காசிய’, ‘சாம்பியன்ஷிப்’, ‘17 வயதுக்குட்பட்டோர்’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்து யார் பேனர் அடித்தாலும் நம்பத்தான் தோன்றும்.

நிஜமான போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு 2025 செப்டம்பரில் கொழும்பில் நடந்ததையே பாருங்கள். ஏழு நாடுகள், இரண்டு பிரிவுகள். இந்தியாவின் பிரிவில் பாகிஸ்தான், பூட்டான், மாலத்தீவு. பாகிஸ்தானை 3-2 என்று வென்ற இந்தியா, இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்துடன் 2-2 என்று சமன் செய்து பெனால்டியில் கோப்பையை எடுத்தது. ஒவ்வொரு அணியும் அந்தந்த நாட்டுச் சங்கம் தேர்ந்தெடுத்த தேசிய அணி. உங்களிடம் சொல்லப்பட்ட மாதிரிப் போட்டிகளில், ‘நேபாள அணி’ என்ற பெயரில் எதிரே நிற்பது பெரும்பாலும் அந்த ஊர் அகாடமியோ கிளப்போதான். தனியார் போட்டி நடத்துவது குற்றமில்லை. வெளியூர் போய் ஆடிவிட்டு வருவதும் பையனுக்கு நல்ல அனுபவமாக இருக்கலாம். ஆனால் அதை ‘இந்திய அணி’ என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று.

சர்டிபிகேட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் சறுக்குவது இங்கேதான். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்கென்று படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த விளையாட்டின் தேசியக் கூட்டமைப்புச் செயலாளர். மாநில அணிக்கு ஆடியவருக்குப் படிவம் 2, அதில் மாநிலச் சங்கத்தின் கையெழுத்து. தனியார் அமைப்பு தரும் சர்டிபிகேட்டில் எத்தனை முத்திரை, எத்தனை கொடி இருந்தாலும் இந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்க அது உதவாது. உங்கள் மகன் தமிழ்நாடு அணிக்கு ஆடி வாங்கும் படிவம் 2, அந்த அரை லட்ச ரூபாய் சர்டிபிகேட்டைவிட எவ்வளவோ மேல்.

சரி, உண்மையான இந்திய அணிக்கு எப்படிப் போவது? ஒரே நாளில் நடக்கும் திறந்த டிரையல்ஸில் தேறி நேராக இந்திய அணிக்குப் போவது அரிது. தேசியக் கோச்சுகள் பெரும்பாலும் ஏ.ஐ.எஃப்.எஃப். வயதுவாரியாக நடத்தும் யூத் லீக்கிலும், மாநிலங்களுக்கு இடையிலான சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகளிலும் பார்த்து ஆட்களைக் கேம்புக்கு அழைக்கிறார்கள். கேம்பில் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, வடிகட்டி, கடைசியில் அணியை அறிவிக்கிறார்கள். அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் ஏற்கெனவே தங்கிப் பயிலும் அகாடமிகளில் இருப்பவர்கள். மொகாலி மினர்வா, உதய்ப்பூர் ஜிங்க், ஜாம்ஷெட்பூர் டாட்டா அகாடமி, இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். கிளப்புகளின் இளையோர் அணிகள் போன்றவை. புவனேஸ்வரில் 2023-ல் தொடங்கிய ஏ.ஐ.எஃப்.எஃப்.-ஃபிஃபா அகாடமியும் உண்டு. வடகிழக்கு மாநிலப் பையன்கள் நிறைய வருவதற்குத் திறமை மட்டும் காரணமில்லை. சின்ன வயதிலேயே வருஷம் முழுக்க லீக் ஆட்டம் கிடைக்கும் இடங்களுக்கு அவர்கள் போய்விடுகிறார்கள்.

உங்கள் ஊரில் இருந்து அந்த வழிக்கு வர, முதல் வேலையாக மகன் ஆடும் கிளப்பிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவன் பெயர் ஏ.ஐ.எஃப்.எஃப்.-இன் பதிவு முறையான சி.ஆர்.எஸ்.-இல் ஏறியிருக்கிறதா, அடையாள எண் இருக்கிறதா? இல்லையென்றால் கிளப் மாவட்டச் சங்கத்தில் இணைந்ததா என்று விசாரியுங்கள். தமிழ்நாடு அணிக்கான தேர்வு மாவட்டச் சங்கம், பிறகு மாநிலச் சங்கம் என்ற வரிசையில்தான் நடக்கும். பதிவே இல்லாத பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த வரிசைக்குள் வர முடியாது. பள்ளி வழியாகச் சுப்ரதோ கோப்பை இருக்கிறது. 1960-லிருந்து விமானப்படை நடத்தும் போட்டி, அதில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு உண்டு. அப்புறம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளைக் கட்டாயம் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கை உண்டு என்பதால் பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகனுக்கு இது சரியான நேரம். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், தவறவிடாதீர்கள்.

வயதுக் கணக்கு இப்போது உங்கள் மகனுக்குச் சாதகமாக இருக்கிறது. முன்பு 17 வயது உலகக்கோப்பை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்தியாவில் 2017-ல் நடந்ததற்கு 2000 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள், 2019-ல் 2002 முதல் பிறந்தவர்கள். இடையில் 2001-ல் பிறந்த பிள்ளை தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மோதி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. 2025-லிருந்து இது ஆண்டுதோறும் கத்தாரில் நடக்கிறது. 2025-க்கு 2008, 2026-க்கு 2009, அந்தக் கணக்கில் 2010-ல் பிறந்தவர்களுக்கு 2027. 17 வயதுக்கான ஆசியக் கோப்பையும் அதற்கு ஏற்றபடி நடக்கிறது. சாஃப் போட்டியில் ஜெயித்தால் இவற்றுக்கு நேரடித் தகுதி கிடைக்காது. ஆனால் ஆசியத் தகுதிச்சுற்றுக்கு அணியைத் தயார் செய்யும் களம் பெரும்பாலும் அதுதான். 2022-ல் கொழும்பு இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 4-0 என்று வென்ற அணியில் கோல் அடித்த கோரோ சிங் பிறகு கேரளா பிளாஸ்டர்ஸுக்காக ஐ.எஸ்.எல். ஆடினார். சாஃப் வருஷத்துக்கு வருஷம் பிறப்பு வரம்பைத் தனியாக அறிவிக்கும், அதை அந்தந்தச் சமயத்தில் பாருங்கள்.

நவம்பரில் பிறந்தவன் என்பதால், ஜனவரியில் பிறந்த பையன்களுக்குப் பக்கத்தில் உடம்பில் சின்னவனாகத் தெரியலாம். அதற்காகப் பிறந்த தேதியைத் திருத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகி வாருங்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ.3 பரிசோதனையை ஏ.ஐ.எஃப்.எஃப். நடத்துகிறது. 17 வயது உலகக்கோப்பையில் 2009-லிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்துவிட்டது. பிடிபட்டால் தடை பையனுக்குத்தான் வரும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் தேதியும் பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்து, பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கேம்புக்கு அழைப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

அந்த ஆளிடம், ஏ.ஐ.எஃப்.எஃப். அனுப்பிய தேர்வுக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் நம்பிவிடாமல், மாநிலக் கால்பந்து சங்க அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பணம் எதுவும் ஆன்லைனில் கொடுத்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். மகனிடம் இதை ஏமாற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்து ஒருவர் வந்தார், வந்த ஆள் சரியில்லை, அவ்வளவுதான். அவன் விங்கில் வேகமாக ஓடுவது உண்மைதானே. மாவட்டத் தேர்வு எந்தத் தேதியில் என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள்.