மனைவி பெயரில் இன்னொரு டெண்டர் போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் மச்சானும் கூட்டாகக் கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை நடத்துகிறோம். புதுச்சேரியில் ஓர் அரசுத் துறை, பள்ளிகளுக்கு லேப்டாப், பிரிண்டர், நெட்வொர்க் சாமான்கள் வாங்க சுமார் 12 கோடி ரூபாய்க்கு டெண்டர் விட்டிருக்கிறது. ஈஎம்டி (டெண்டருடன் கட்டும் பிணைத்தொகை) 24 லட்சம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே, ஈஎம்டி கட்ட வேண்டாம் என்கிறார் மச்சான். கேட்கும் அளவுக்கு முன் அனுபவம் எங்களுக்கு இல்லை. தெரிந்த சென்னை நிறுவனம் ஒன்று தன் அனுபவச் சான்றிதழைத் தருகிறேன் என்கிறது. சரக்கு தரும் டீலர், "ஒரே டெண்டர்தான் வந்தது என்றால் ரத்து செய்துவிடுவார்கள், உங்கள் மனைவி பெயரில் இருக்கும் கடையிலிருந்தும் கூடுதல் விலைக்கு ஒன்று போடுங்கள்" என்கிறார். போட்ட பிறகு விலை ஏறினால் விலகிக்கொள்ளலாமா? நிராகரித்தால் பத்து நாளில் அப்பீல் செய்யலாமாமே, உண்மையா?

பதில்: டீலர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். போடாதீர்கள். அவர் சொல்லும் காரணமே தப்பு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே அரசுக் கொள்முதலுக்கு அடிப்படை, மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. ஒரே ஒரு டெண்டர் வந்தாலும், ஒழுங்காக விளம்பரம் செய்து, போதிய அவகாசம் கொடுத்து, தகுதி நிபந்தனைகள் அளவுக்கு மீறிக் கெடுபிடியாக இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால் அதை ஏற்கலாம் என்று அந்த விதிகளே சொல்கின்றன. அப்புறம் எதற்கு இந்த நாடகம்? ஒரே வீட்டிலிருந்து இரண்டு டெண்டர் போட்டால், ஒரே இணைய இணைப்பு, ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுத்த டிடி, இரண்டு கோப்பிலும் அதே எழுத்துப்பிழை என்று தடயம் தானாக விழும். 'வேறு யாருடனும் பேசி விலை முடிவு செய்யவில்லை' என்ற உறுதிமொழி கேட்டிருந்தால் அதில் நீங்களும் உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது பொய் என்று தெரிந்தால் இரண்டு ஆண்டுவரை உங்களைத் தடைப்பட்டியலில் வைக்கலாம். போட்டிச் சட்டம், 2002 பிரிவு 3 டெண்டரில் கூடிப் பேசி விலை வைப்பதைத் தனியாகவே தடை செய்கிறது. கார்ட்டெல் (போட்டியாளர்கள் ரகசியமாகக் கூட்டுச் சேர்வது) என்று முடிவானால் அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும், லாபத்தில் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். டீலருக்கு இதில் என்ன போகிறது? யார் ஜெயித்தாலும் சரக்கு அவருடையதுதான்.

சென்னை நிறுவனத்தின் சான்றிதழும் ஏறக்குறைய இதே கதை. கூட்டு முயற்சியாக வருபவர்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நியூ ஹொரைசன்ஸ் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கன்சார்ட்டியத்துக்கு (பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே டெண்டர் போடுவது) அனுமதி உண்டு என்று டெண்டர் ஆவணத்தில் இருந்தால், முறையாக ஒப்பந்தம் எழுதி இருவரும் சேர்ந்து போடலாம். ஆனால் அந்தச் சென்னைக்காரர்களும் முழுப் பொறுப்பில் கையெழுத்துப் போட வேண்டும், அதைச் சொன்னதும் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். அப்படி இல்லாமல், அவர்கள் செய்த வேலையை நீங்கள் செய்ததாகக் காட்டுவது ஏமாற்றுதல். தேதியையோ பெயரையோ மாற்றி ஒரு காகிதம் தயார் செய்தால் அது போலி ஆவணம், பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் கிரிமினல் வழக்கு. தொழில் தகராறு என்ற நிலையிலிருந்து காவல் நிலையம் வரை போய்விடும்.

ஈஎம்டி விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வது பாதிதான் சரி. குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சலுகை உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்பவர்களும் 2021 ஜூலையிலிருந்து உத்யமில் பதியலாம் என்று வந்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும், டெண்டர் சலுகைக்காக அல்ல. உங்கள் சான்றிதழை எடுத்து 'தொழில் வகை' என்ற இடத்தைப் பாருங்கள். 'வர்த்தகம்' என்று இருந்தால் 24 லட்சத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் என்று இருந்தாலும் லேப்டாப் சப்ளைக்கு அது போதுமா என்பதைத் துறையிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். கட்டாமல் போட்டுவிட்டு, திறக்கும் நாளில் 'இதோ இப்போது கட்டுகிறேன்' என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

விலகிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 5-ன்படி, எதிர்த் தரப்பு ஏற்றுக்கொள்வதற்கு முன் உங்கள் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். ஆனால் செல்லுபடிக் காலத்துக்குள் (நீங்கள் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டிய நாட்கள்) விலகினால் ஈஎம்டி பறிமுதல் என்று நிபந்தனை இருந்தால், விலகும் உரிமை வேறு, பணம் திரும்பக் கேட்கும் உரிமை வேறு என்று கங்கா என்டர்பிரைசஸ் வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக நீங்கள் விலகலாம், 24 லட்சம் போகும். டெண்டர் 120 நாள், 180 நாள் செல்லும்படி கேட்பார்கள், உங்கள் டீலர் கொடுக்கும் கொட்டேஷனோ பதினைந்து நாளைக்குத்தான். அந்த இடைவெளியில் டாலர் ஏறினாலும் மெமரி விலை ஏறினாலும் சுமை உங்கள் தலையில்தான். அதே செல்லுபடிக் காலத்துக்கு டீலரிடமும் தயாரிப்பாளரிடமும் எழுத்தில் விலை வாங்காமல் போடவே போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் "பார்த்துக்கலாம் சார்" என்று வந்த செய்தியை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் ஒன்றும் செய்ய முடியாது.

விலைப்பட்டியல் எக்செலைப் பதிவேற்றும் முன் இருவர் தனித்தனியாகச் சரிபாருங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, ஒன்றுக்கான விலையா மொத்தத்துக்கா என்று. கம்ப்யூட்டரில் ஏற்பட்ட பிழை, தொடர்ச்சியாக எல்லா வரியிலும் வந்துவிட்டது, திருத்த விடுங்கள் என்று கேட்ட நிறுவனத்துக்கு மேற்கு வங்க மின்வாரிய வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. கடைசித் தேதிக்கு முன் தளத்திலேயே திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம், ஆனால் 'வாபஸ்' பொத்தானை அழுத்தினால் அதே டெண்டரில் திரும்ப நுழைய முடியாது, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கடைசி நாள் மாலைவரை காத்திருக்காதீர்கள், சர்வரின் கடிகாரம்தான் கணக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஜெயித்தால் என்ன ஆகும்? வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடாகத் துறை வாங்கும் செயல்பாட்டு உத்தரவாதம் 5 சதவீதம் என்றால் 60 லட்சம். அது வாரண்டி உட்பட எல்லாப் பொறுப்பும் முடிந்து மேலும் 60 நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வாரண்டி என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் அந்தப் பணம் முடங்கும். கடலூரில் எந்த வங்கியும் வெறும் கையெழுத்துக்கு 60 லட்சத்துக்கு பேங்க் கியாரண்டி தராது. வீட்டுப் பத்திரம் கேட்கும், மனைவியின் கையெழுத்தையும் கேட்கும். துறை கேட்டதும் வங்கி பேச்சில்லாமல் பணம் கொடுக்கும் காகிதம்தான் பேங்க் கியாரண்டி. அப்பட்டமான மோசடியோ ஈடு செய்யவே முடியாத நஷ்டமோ இருந்தாலொழிய நீதிமன்றம் தடுக்காது. தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்று பிடித்தம் செய்வது வழக்கம், உங்கள் மொத்த லாபமே அவ்வளவு இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாததற்கு பில்லில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதமும் பிடிப்பார்கள். அது உங்கள் ஜிஎஸ்டி கணக்கின் கேஷ் லெட்ஜரில் வந்துவிடும் என்றாலும் கையில் இருக்கும் பணம் குறையும். கூட்டு நிறுவனம் என்பதால் கடையால் தீர்க்க முடியாத கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் மச்சானின் சொத்தும் பொறுப்பு. அந்தக் கூட்டு நிறுவனம் பதிவாகவில்லை என்றால் இன்னும் மோசம்: ஒப்பந்தப் பணம் வராவிட்டால் வழக்குப் போட முடியாது (கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 69). பதிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அப்பீல் பத்து நாள் என்பது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தில் இருக்கிறது. கடலூர் கலெக்டர் ஆபீஸ் டெண்டருக்கு அது பொருந்தும். புதுச்சேரி அரசுத் துறைக்குப் பொருந்தாது. அங்கே தொழில்நுட்ப நிலையில் (விலையைப் பார்க்கும் முன் தகுதியைச் சரிபார்க்கும் கட்டம்) நிராகரித்தால் காரணம் கேட்டு உடனே எழுதுங்கள், விலை உறை திறப்பதற்கு முன்பே. அதற்குப் பலன் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஆனால் டாட்டா செல்லுலார் வழக்கிலிருந்து (1994) நீதிமன்றங்கள் பார்ப்பது முடிவெடுத்த முறையைத்தான், முடிவை அல்ல. ஒரு பிராண்டுக்காகவே எழுதியதுபோல் நிபந்தனை இருக்கிறது என்று நினைத்தால் பிரீ-பிட் கேள்வியாக (டெண்டர் போடும் முன் துறையிடம் கேட்கும் விளக்கம்) இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கலந்துகொண்டு, தோற்றதும் நிபந்தனை தப்பு என்பவரிடம் நீதிபதி கேட்கும் முதல் கேள்வியே "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்பதுதான்.

என் யோசனை: கன்சார்ட்டியத்துக்கு அனுமதி இல்லாவிட்டால் இந்த 12 கோடியை விடுங்கள். உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும் ஒன்று இரண்டு கோடி சப்ளையை முதலில் சொந்தமாக முடித்து, அந்தத் துறையின் பணி நிறைவுச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். அனுமதி இருந்தால், பிரீ-பிட் தேதிக்கு முன் டெண்டர் ஆவணம், உத்யம் சான்றிதழ், கூட்டு ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரையும் உங்கள் ஆடிட்டரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள்.