பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும் தளம் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அசல் தளம் பாஸ்போர்ட்இந்தியா.கவ்.இன். 'கவ்.இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. 'கவ்'வுக்கு முன்னால் புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு 'பாஸ்போர்ட்இந்தியா-கவ்.இன்' என்று வந்தால், அது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண '.இன்' முகவரிதான். அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அசோகச் சின்னம், மூவர்ணப் பட்டை எல்லாம் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது நீங்கள் அனுப்புவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அதைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். 'சேவைக் கட்டணம்' என்று கூடுதலாகக் கேட்டாலே வெளியே வந்துவிடலாம்.

சரி, ஏற்கெனவே பணம் கட்டியாச்சா? உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும். அப்புறம் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். ஆதார் எண்ணையும் கொடுத்திருந்தால், ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள்.