கேசட்தான் என் பதில்

20ஆம் நூற்றாண்டின் வெகுஜன இசையில் மிகப் பெரிய திருப்புமுனை எது என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் ஒரு பாடகரையோ இசையமைப்பாளரையோ சொல்வார்கள். நான் கேசட்டைச் சொல்வேன்.

நான் வளர்ந்தது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். அப்பாவின் இளம் வயதில் பாட்டு என்றால் ரேடியோ. 1952ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நின்றுபோனது. ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் போனார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித பாரதி வந்துதான் அவர்களைத் திரும்ப அழைத்தது. எந்த ஸ்டேஷனாக இருந்தாலும், பிடித்த பாட்டு வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இசைத்தட்டு வசதியானவர்கள் சமாச்சாரம். ஆனால் பாட்டின் நீளத்தைத் தீர்மானித்ததே அதுதான். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடிய பழைய 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான் பிடிக்கும். 1948ல் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்து, ஒரு பக்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டிய பிறகும் அந்தக் கணக்கு பாட்டை விட்டுப் பெரிதாக விலகவில்லை.

கேசட்டை 1963ல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. அதே அளவில் மற்றவர்களும் செய்துகொள்ளலாம் என்று உரிமைத் தொகை வாங்காமல் விட்டார்கள். அந்த ஒரு முடிவால்தான் அது எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தது 80களின் தொடக்கத்தில், வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரோடு. அப்புறம் ரெக்கார்டிங் கடைக்குப் போகும் பழக்கம் வந்தது. ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, காலி கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம், ஏழு பாட்டு. இந்த ஏழுக்காக எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் கொஞ்சமல்ல. அத்தைக்குப் பி. சுசீலா வேண்டும், அண்ணனுக்கு இளையராஜா மட்டும் போதும். கடைசியில் ஏ பக்கம் தமிழ், பி பக்கம் மலையாளம் என்று முடிவாகும். பாட்டை உருவாக்கியவர்களுக்கு இதில் ஒரு காசும் போய்ச் சேரவில்லை, அது சரியில்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் பேசுகிற இரண்டு மொழியையும் ஒரே சுற்றில் வைத்துக் கொடுக்க எந்த ரேடியோவும் முன்வரவில்லை.

ஒருமுறை பி பக்கத்தில் ஏழு பாட்டு முடிந்தும் இரண்டு மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. கடைக்காரரே ஒரு பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். 1973ல் வந்த 'பணி தீராத்த வீடு' படத்தின் 'கண்ணுநீர் துள்ளியே', வயலார் எழுதியது. யாருடைய குரல் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அப்பா கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "எம்.எஸ்.வி. அவரே மியூசிக் போட்டு அவரே பாடினது."

எம்.எஸ். விஸ்வநாதன் 1928ல் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர். ஏ பக்கத்தில் அவருடைய தமிழ்ப் பாட்டுகள் நான்கு ஏற்கெனவே இருந்தன. அப்பா அன்றைக்கு அந்தப் பக்கத்தையும் திருப்பிப் போட்டு முழுசாகக் கேட்டார்.